அக்கா கிளிப்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மறைக்கவேண்டிய பெயர் அல்ல, நல்ல பெயர்தான். ஆனால் அந்தப் பெயர் எங்கள் வீட்டில் ஒருமுறை காதில் விழுந்தால் போதும், என் மனுசன் கையிலிருக்கும் சீவுளியை வைத்துவிட்டு அரைமணி நேரம் அந்த அக்காவின் புராணம் பாடத் தொடங்கிவிடுவார். இருபத்தைந்து வருடமாக அவருக்குச் சமைத்துப் போட்டவள், அவர் செய்த கதவுகளுக்கெல்லாம் சாண்ட் பேப்பர் தேய்த்து வார்னிஷ் அடித்தவள் நான். எனக்கென்று அந்த வாயில் ஒரு வரிகூட வந்ததில்லை. ஆகவே இந்தக் கதையில் அவர் வெறும் அக்கா. அது போதும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மனுசனுக்கும் அக்காவுக்கும் இடையில் ஒன்றுமே நடக்கவில்லை. நடந்திருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். ஊரும் என் பக்கம் நின்றிருக்கும். நடக்காத ஒன்றுக்கு எப்படிச் சண்டை பிடிப்பது? அவர் அக்காவின் கையை ஒருநாளும் தொட்டதில்லை. அந்தக் கை செய்ததைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எனக்கு அது போதுமாக இருந்தது, வயிறு எரிய.

எங்கள் தச்சுக்கொட்டில் தருமபுரத்தில், பெரிய வீதியிலிருந்து உள்ளே இறங்கும் கிரவல் ஒழுங்கையில் இருக்கிறது. யுத்தம் முடிந்து மீளக்குடியேறி வீட்டுத்திட்டத்து வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. சுவருக்குப் பூச்சுப் பூச முதலே சனம் ஷோகேஸ் கேட்டு வந்தது. கனடாவிலிருந்து வந்த கோப்பைகள், பிள்ளை ஓட்டப்போட்டியில் வாங்கிய கிண்ணம், ஒரு பொம்மை, இவற்றையெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பார்த்தால்தான் வீடு வீடாகும் என்று எல்லோருக்கும் ஓர் ஆசை. என் மனுசன் கதவுச் சட்டத்தின் பின்பக்கம் காடி வெட்டி, அதில் கண்ணாடியை வைத்து, சுற்றிவர மெல்லிய சட்டம் வைத்து ஆணி அடித்துவிடுவார். பார்வைக்கு அழகுதான். ஆனால் முதல் மாரிக்கே மூன்று ஷோகேஸ் திரும்பி வந்தது. மூன்றிலும் கண்ணாடி மூலையிலிருந்து வெடித்திருந்தது.

அந்த மூன்றையும் முன்னால் வைத்துக்கொண்டு அவர் கண்ணாடி விற்றவனைத் திட்டிக்கொண்டிருந்த பின்னேரந்தான் அக்கா வந்தார். அடுப்புக்கு மரத்தூள் அள்ள உரப்பை ஒன்றோடு வந்தவர். குட்டையான உருவம், குட்டை விரல்கள், மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை பேசாத வாய். மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதிலேயே தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவர். முப்பது வருடத்துக்கு மேல் எங்களோடு இருந்தும் அவருடைய பேச்சில் எங்கள் இழுவை ஏறவேயில்லை. அவருடைய புருசன் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அந்தக் கேள்வி கிடையாது.

"கண்ணாடியில பிழை இல்லீங்க பாஸ்," என்றார். "மழைக்கு மரம் ஊதுது. கண்ணாடி ஊதாதுல்ல? அதுக்குக் கொஞ்சம் எடம் குடுங்க."

"இடம் குடுத்தால் ஆடும் அக்கா."

"ஆடட்டுமே. கொஞ்சம் ஆடுனா என்னா?"

மூன்றாம் நாள் அவர் உள்ளங்கையில் நாலு சின்னத் தகடுகளைக் கொண்டுவந்து நீட்டினார். டிஷ் வந்தபிறகு சனம் கழற்றி எறிந்த பழைய ரீவி அன்ரனாக் குழாய்தான் அது. அந்த அலுமினியக் குழாயைத் தண்டவாளத் துண்டொன்றில் வைத்துத் தட்டிச் சப்பையாக்கி, ஓர் அங்குல நீளத்துக்கு வெட்டி, ஒரு பாதியில் திருகாணிக்குத் துளை போட்டு, மற்றப் பாதியைக் குறட்டால் படி மாதிரி வளைத்திருந்தார். துளையுள்ள பாதி மரத்தில் உட்காரும், வளைந்த பாதி கண்ணாடியின் விளிம்பில் உட்காரும். ஒரு கதவுக்கு எட்டு. கண்ணாடியைக் கழற்றவேண்டுமென்றால் ஆணியைச் சாடையாகத் தளர்த்திப் பெருவிரலால் தகட்டைத் திருப்பிவிட்டால் சரி. அவ்வளவுதான் விசயம். எனக்கு அன்றைக்கே தோன்றியது, இது என்ன பெரிய வித்தை, ஒரு பின்னேரம் இருந்தால் நானும் செய்வேன் என்று. ஆனால் என் மனுசன் அந்த நாலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன் என் படத்தைக்கூட அவர் அப்படிப் பார்த்ததாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

தகட்டைக் கதவில் பூட்டிய பிறகு அக்கா செய்யும் ஒரு வேலை இருந்தது. பழைய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றின் மட்டையை எப்போதும் பையில் வைத்திருப்பார். அதைத் தகட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையில் செருகி மெதுவாக இழுப்பார். சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் ஆணியைக் கொஞ்சம் முறுக்குவார். வரமாட்டேன் என்றால் தளர்த்துவார்.

"மட்டை வரணும் தங்கச்சி. ஆனா யோசிச்சு வரணும்," என்பார் என்னைப் பார்த்து. நான் அவரிடம் ஒன்றும் கேட்டிருக்கமாட்டேன்.

அந்த மனுசி எல்லாவற்றையும் அந்த மட்டைக் கணக்கில்தான் பிடித்தார். அவருடைய ஆட்டின் கழுத்துக் கயிற்றுக்குள் இரண்டு விரல் போகும்; ஆடு மாதத்தில் ஒருநாள் தலையை உருவிக்கொண்டு என் கத்தரிச் செடியில் வந்து நிற்கும். படலை கட்டுவது ஒரு சைக்கிள் ரியூப் துண்டால். வருவீர்களா என்று கேட்டால் வருவேன் என்று சொல்லமாட்டார், "வரப் பாக்குறேன்" என்பார், ஆனால் நேரத்துக்கு வந்து நிற்பார். அக்காவின் மகள் வேலைக்கு வவுனியா போன அன்று நானும் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். மற்றத் தாய்மார் பிள்ளைகளின் கையைப் பிடித்து ஒப்பாரி வைக்காத குறை. அக்கா மகளின் பையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, தள்ளி நின்று, பஸ் வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தேன். அந்த மகளோ கிழமை தவறாமல் ஓடி வந்தாள். என் மகன் கிளிநொச்சியில், பக்கத்தில்தான், மாதத்துக்கு ஒருமுறை வருகிறான். வந்தாலும் நான் சாப்பிட்டாயா, எங்கே போகிறாய், யாரோடு போகிறாய் என்று கேட்டு முடிக்க முதல் மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுவான்.

நான் அப்படியான பிறவி இல்லை. எங்கள் படலைக்கு இரண்டு ஆமைப்பூட்டு. சீனிப் போத்தலின் மூடியை நான் பூட்டினால் என் மனுசனால் திறக்க முடியாது. அவர் யாரோடு எவ்வளவு நேரம் கதைத்தார் என்பது மணிக்கூடு பார்க்காமலே எனக்குத் தெரியும். அக்கா வந்தால் அவர் தான் இருக்கும் நல்ல கதிரையை இழுத்துவிடுவார்; எனக்கு முக்காலி. அக்கா வீட்டில் குடித்த பிளேன்ரீயைப் பற்றி என் பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லுவார். தேயிலைக்குள் பிறந்தவரோடு தேத்தண்ணியில் போட்டி போட முடியுமா? அதையும் போட்டுப் பார்த்தேன். சாயம் கூடி, அவருக்கு வயிறு எரிந்தது. இரண்டு பேருக்கும் ஒரே நோய் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கொஞ்சக் காலத்தில் ஷோகேஸ் கேட்டு வருகிறவர்கள் மரம் என்ன என்று கேட்பதை விட்டுவிட்டு, "அக்கா கிளிப் போட்டுத்தானே தாறியள்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கதவு என் மனுசன் செய்தது. பளபளப்பு நான் போட்டது. பெயர் கதவுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் அன்ரனாத் துண்டுக்கு. அவருக்கு அதில் வருத்தமேயில்லை. எனக்கு அவருக்கும் சேர்த்து இருந்தது.

விசுவமடுவில் ஒரு ரீச்சர் வீடு குடிபுக இருந்தார். குடிபுகுகிற நாளில் ஷோகேஸ் வாசலுக்குள் போகவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். இரட்டைக் கதவு, பதினாறு கிளிப். முடியும் தறுவாயில் என் மனுசன் மரம் பார்க்க வவுனியா போகவேண்டி வந்தது.

"இஞ்சேர், அக்காட்டைச் சொல்லிவிடு. பதினாறு. வந்து பூட்டித் தருவா," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

நான் சொல்லவில்லை. வேண்டுமென்றுதான் சொல்லவில்லை. இரண்டு பகல் கொட்டிலுக்குள் இருந்து பதினாறையும் நானே செய்தேன். பெருவிரலில் சுத்தியல் விழுந்தது. வாயைக் கட்டிக்கொண்டு செய்தேன். முதலாவது தகட்டை அரத்தில் வைத்துத் தேய்க்கத் தெரியாமல் தேய்த்து, மரத்தோடு ஒட்டும் பக்கத்தில் ஆழமாக மூன்று கீறல் விழுந்தது. மற்றவை பரவாயில்லை. பூட்டிப் பார்த்தேன். கண்ணாடி சாடையாக ஆடியது. என் கையால் செய்தது ஆடுவதா? ஒவ்வோர் ஆணியையும் இன்னும் அரைச்சுற்று முறுக்கினேன். பிறகு இன்னும் கொஞ்சம். கதவைத் தட்டினால் சத்தமே இல்லை. அக்காவின் கதவுகளில் ஒன்றுகூட அப்படி ஊமையாக நின்றதில்லை.

மனுசன் குடிபுகுகிற நாள் காலையில்தான் வந்து சேர்ந்தார். வெளியில் ட்ரக்டர் காத்துக்கொண்டு நின்றது.

"அக்கா வந்து பூட்டினவாவே?"

"ஓம், நேற்று வந்து பூட்டிப்போட்டுப் போனவா."

அவர் கதவை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். "ஆடவேயில்லை. இந்தமுறை நல்ல இறுக்கமாப் பூட்டியிருக்கிறா."

எனக்கு உச்சி குளிர்ந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பெரிதாகத் திட்டம் போட்டிருந்தேன். பால் காய்ச்சி, சாப்பாடு முடிந்து, எல்லோரும் ஷோகேசைப் பார்த்துப் புகழும்போது, அக்காவும் நிற்கும்போது, "உதெல்லாம் நான் செய்தது" என்று சாதாரணமாகச் சொல்லவேண்டும். அந்த வசனத்தை ட்ரக்டர் பெட்டியில் இருந்து விசுவமடு போய்ச் சேரும்வரை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

அக்காவும் வந்திருந்தார், நீலப் புடவையோடு. வாசலிலேயே என் மனுசன் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இல்லாத நேரம் வந்து பூட்டித் தந்தியளாம் அக்கா. பெரிய உதவி."

அக்கா ஷோகேசைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். துணி சுற்றிய என் பெருவிரலையும் பார்த்தார்.

"ஆமாங்க," என்றார். "பாஸ் இல்லாத நேரமாப் போச்சு."

அந்தப் பதிலுக்கு எனக்கு மூச்சு வந்திருக்கவேண்டும். வரவில்லை. கோபந்தான் வந்தது. யார் கேட்டது இவரை?

பால் பொங்கியது. ரீச்சரின் மாமியார் தன் கையால் கோப்பைகளை அடுக்கினார். ஆறு கோப்பை, ஒரு பொம்மை, மகனின் பட்டமளிப்புப் படம். அடுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினார். அடித்துச் சாத்தவில்லை, எல்லோரும் சாத்துகிற மாதிரித்தான். டிக் என்று ஒரு சத்தம். கீழ் மூலையிலிருந்து மேல் மூலைவரைக்கும் ஒரு கோடு ஓடியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதிக் கண்ணாடி கழன்று புதுச் சீமெந்துத் தரையில் விழுந்து நொறுங்கியது. அடுப்பில் பொங்கி வழிந்த பால் இன்னும் காயவில்லை.

கண்ணாடியோடு ஒரு கிளிப்பும் கழன்று விழுந்திருந்தது. அக்கா குனிந்து அதை எடுத்தார், திருப்பிப் பார்த்தார். அதன் வெறும் அடியை அவர் விரலால் தடவியபோதுதான், அவர் கத்தரித்து வைக்கும் ரியூப் துண்டுகள் எதற்கென்று எனக்கு விளங்கியது. அவர் செய்கிறவற்றின் அடியில், கண்ணாடியைத் தொடும் இடத்தில், சைக்கிள் ரியூப் துண்டொன்றைச் சொலுசன் போட்டு ஒட்டுவார். நான் அவற்றின் அடிப்பக்கத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. எத்தனையோ நூறு கிளிப் எங்கள் கொட்டிலைத் தாண்டிப் போயிருக்கிறது. வீம்பில் நான் ஒன்றையாவது கையில் எடுத்துப் பார்த்திருக்கவில்லை.

அக்கா அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"என் கைப்பிழைங்க," என்றார் மாமியாரைப் பார்த்து. "இறுக்கிப்புட்டேன். மன்னிச்சிக்கிருங்க. நாளைக்கே வேற கண்ணாடி போட்டுத் தாறேன்."

"நல்ல நாளிலை பாத்து இப்பிடிச் செய்திட்டியே," என்றார் மாமியார். பிறகு எங்களையெல்லாம் திரும்பிப் பார்த்து, "தோட்டக்காட்டுக் கையிலை வேலையைக் குடுத்தால் உதுதான் நடக்கும்," என்றார்.

என் மனுசன் தலையைக் குனிந்துகொண்டு கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார். "உதெல்லாம் நான் செய்தது." காலையிலிருந்து நான் பாடமாக்கி வைத்திருந்த வசனம் அப்போதும் அப்படியே வாயில் இருந்தது. ஒரு சொல்லையும் மாற்றத் தேவையில்லை. பாயாசம் தந்தார்கள். அந்த வசனத்தைப் பாயாசத்தோடு விழுங்கினேன்.

மறுநாள் அக்கா சொன்னபடி கண்ணாடி கொண்டுபோய்ப் போட்டார். பதினாறு கிளிப்பையும் கழற்றித் தன்னுடையதைப் பூட்டினார் என்று மனுசன் வந்து சொன்னார். "ஆருக்கும் ஒருக்காப் பிழைக்கும்," என்றும் சொன்னார். எனக்கு அக்கா மேல் நன்றி வந்ததா என்று கேட்டால், இல்லை. இன்னும் பொறாமைதான் வந்தது. என் பொய்யைக்கூட என்னைவிட அவர் திறமாகச் சொல்லிவிட்டார். அவமானத்திலும் அவர்தான் முன்னுக்கு நின்றார். எனக்கு அதிலும் முக்காலி.

அதற்குப் பிறகு விசுவமடுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் சிலர் "அக்கா கிளிப் வேண்டாம்" என்று சொன்னார்கள். எவ்வளவு நாள் நான் கேட்க ஆசைப்பட்ட வசனம் அது. கேட்டபோது காதைப் பொத்தவேண்டும் போல இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மூன்று மாதம் கழித்து, தப்பி வந்த ஆட்டைப் பிடித்துக்கொண்டு முதன்முதலாக அக்காவின் வீட்டுக்குள் போனேன். ஓர் அறை, ஒரு குசினி. மூலையில் அலுமாரி ஒன்று. அதன் இரண்டு கதவில் ஒன்றில் கண்ணாடி இல்லை. அந்தக் கதவின் எட்டுக் கிளிப்பும் வரிசையாகத் திரும்பி, ஒன்றையும் பிடிக்காமல் நின்றன. கண்ணாடி இருந்த இடத்தில் பழைய நீலப் புடவைத் துண்டு தொங்கியது. ரீச்சர் வீட்டுக் கண்ணாடி எங்கேயிருந்து போனது என்று நான் கேட்கவில்லை.

"தேத்தண்ணி குடிக்கிறியா தங்கச்சி?" என்றார்.

"வேண்டாம் அக்கா, அடுப்பிலை கறி," என்றேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. குடித்திருந்தால் சொல்லியிருப்பேன். அந்தப் பயத்தில்தான் குடிக்கவில்லை.

மகளுக்குப் பிள்ளை கிடைத்ததும் அக்கா வவுனியாவுக்குப் போனார். போகிற அன்று காலை ஆட்டை யாருக்கோ கொடுத்துவிட்டு, ஒரு பால்மா டின்னோடு எங்கள் படலையில் வந்து நின்றார். என் மனுசன் கொட்டிலில் இல்லை.

"இதுல கொஞ்சம் செஞ்சு வச்சிருக்கேன். தேவைப்படும்," என்றார்.

"இனி எப்ப அக்கா வருவியள்?"

"வரப் பாக்குறேன்."

அவர் சொல்லி, செய்யாமல் போனது அது ஒன்றுதான். டின்னுக்குள் ஐம்பது அறுபது கிளிப் இருந்தன. மேலே கொப்பி மட்டையில் சுற்றி ஒன்று தனியாக. விரித்துப் பார்த்தேன். கண்ணாடி பிடிக்கும் பாதி திரும்ப அளவாக வளைக்கப்பட்டு, அதன் அடியில் ரியூப் துண்டு ஒட்டியிருந்தது. மரத்தில் உட்காரும் பாதியின் அடியில் ஆழமாக மூன்று கீறல். அதை மட்டும் அவர் தேய்த்து அழிக்கவில்லை.

இப்போது கிளிப் செய்வது நான்தான். ரியூப் ஒட்டுகிறேன், மட்டை செருகிப் பார்க்கிறேன். மனுசன் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்பார். அவருடைய வாயில் பரவாயில்லை என்பது திட்டுக்கு ஒருபடி மேல்.

போன கிழமை, பொங்கலுக்கு வீடு துடைக்கும்போது, மனுசன் எங்கள் ஷோகேசின் கதவைத் திறந்து பின்பக்கத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கதவில் ஏழு கிளிப் நான் செய்தது. எட்டாவதாக, மேல் மூலையில், நான் மட்டையிலிருந்து எடுத்துப் பூட்டியது. அவருடைய விரல் ஒவ்வொன்றாகப் போய் அங்கே நின்றது.

"இஞ்சேர், இதைப் பாத்தியே? நீ செய்யிறதும் பரவாயில்லைதான். ஆனால் இது அவான்ர கை. பாத்த உடனை தெரியுதே!"

என் சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவர் இருந்தது. ஓர் ஆணி. கழற்றித் திருப்பிக் காட்டினால் மூன்று கீறலும் என்னுடையவை என்று அவருக்கே தெரியும். என் அரத்தின் பல் அவருக்குப் பழக்கம். ஆனால் அந்த ஆணியைக் கழற்றினால் ரீச்சர் வீட்டுக் கதையும் சேர்ந்து கழன்று விழும்.

"ஓம்," என்றேன். "அவான்ர கைதான்."

நான் ஒத்துக்கொண்டது அவருக்கே அதிசயமாக இருந்தது. துடைத்த துணியைத் தோளில் போட்டார், கதிரையை இழுத்தார், புராணத்தைத் தொடங்கினார். அன்ரனாக் குழாய், தண்டவாளத் துண்டு, கொப்பி மட்டை, பிளேன்ரீ. வழக்கமாக நான் குசினிக்குள் போய் சட்டி பானையை உருட்டத் தொடங்கிவிடுவேன். அன்றைக்கு முக்காலியைப் போட்டு முன்னால் இருந்து முழுவதையும் கேட்டேன். அவர் எப்போதும் முடிக்கிற மாதிரியே முடித்தார்.

"அத்தனை வருசத்திலை அவான்ர கை ஒரேயொருக்காத்தான் பிழைச்சது, அந்த ரீச்சர் வீட்டிலை."

அந்தப் புராணம் முழுவதிலும் என்னுடைய வரி அது ஒன்றுதான்.